மூன்றாவது பிள்ளை



கொடுங்கையூர்க் குப்பைமேட்டை ஒட்டிய தெருவில் ஒரு வீடு. எப்போது போனாலும் உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும். "எத்தனை பிள்ளைங்கம்மா?" என்றேன். "ரெண்டு" என்றார் அந்தத் தாய். மூன்றாம் முறை போனபோதுதான் உள்ளே இன்னொரு பிள்ளை இருப்பது தெரிந்தது. நான்கு வயதுப் பையன். காது கேட்கவில்லை, பேச்சும் வரவில்லை. "வெளியே தெரிஞ்சா பெரியவளுக்கு மாப்பிள்ளை அமையாதுங்க" என்று அழுதார். எனக்குக் கோபிக்க மனம் வரவில்லை. இந்தப் பயம் அவர் ஒருவருக்கு மட்டுமா இருக்கிறது?

ஊனம் பாவத்தின் சம்பளம் அல்ல. மருமகள் ராசியும் அல்ல. கர்ப்ப காலத்தில் ரூபெல்லா அம்மை, பிரசவத்தில் மூச்சுத் திணறல், பிறந்தவுடன் கடும் மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல், நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் என்று காரணங்கள் பல. சில சமயம் காரணமே பிடிபடாது.

ஒளித்து வைப்பதால் காலம் போய்விடுகிறது. ஆறு மாதக் குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் "அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்காதீர்கள். அங்கன்வாடிக்கு வரும் டாக்டர் குழுவிடம் காட்டுங்கள். மாவட்டத்து இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட தகுதியான பிள்ளைகளுக்குக் காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷன் இலவசம். பல லட்சம் ரூபாய் வைத்தியம் அது. அந்தப் பையனுக்கு இரண்டு வருஷம் மிச்சம் இருந்தது. ஆபரேஷன் நடந்தது. தகப்பனார் நைட் ஷிப்டுக்கு மாறி, பகலில் பேச்சுப் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போனார். தாமதமாகச் செய்ததால் பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. "அம்மா" வந்துவிட்டது.

உங்கள் வீட்டில் இப்படிப் பிள்ளை இல்லையா? அப்படியானால் பக்கத்து வீட்டுக்காக நீங்கள் பேச வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களைச் சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசப் படிப்பு உரிமை. "வேற ஸ்கூல் பாருங்க" என்று யாராவது சொன்னால், அந்தத் தாயைத் தனியே அனுப்பாமல் நாலு பேர் கூடப் போங்கள். நொண்டி, செவிடு என்று கூப்பிடுவதை முதலில் நம் வீட்டிலேயே நிறுத்த வேண்டும். பலர் பார்க்க வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதத்துக்குக் குறையாத ஜெயில் என்று அதே சட்டம் சொல்கிறது.

உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. உங்கள் ஊரில் யார் என்று விசாரியுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் கிராம சபை கூடும். ரேஷன் கடை வாசலில் சாய்தளம் இல்லையென்றால் கணவனும் மனைவியுமாகப் போய் எழுந்து கேளுங்கள். வாயால் கேட்டது போதாது. மனுவாகக் கொடுத்து, தீர்மான நோட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.