சானா அறைக்கு நானே வயரிங் செய்யலாமா?

கேள்வி: பின்லாந்தில் வசிக்கிறோம். வீட்டுப் பின்கட்டில் நானே சானா கட்டி வருகிறேன். 6 கிலோவாட் மின்அடுப்புக்கு வயரிங்கும் நானே செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அங்கே நிலையான மின்இணைப்பைத் தகுதி பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். சரியான சட்டம் என்றே சொல்வேன். கூரையை ஒட்டிய வெப்பம் 100 டிகிரியைத் தொடும். சாதாரண பிவிசி வயரின் மேலுறை தாங்குவது 70 டிகிரி. நாளடைவில் அது விறைத்து வெடித்துவிடும். மேற்பகுதிக்கு 170 டிகிரி தாங்கும் சிலிக்கோன் ரப்பர் கேபிள் வேண்டும். 400 வோல்ட் மூன்று ஃபேஸில் இணைத்தால் ஃபேஸுக்கு ஏறக்குறைய 9 ஆம்பியர்தான் ஓடும். உள்ளே பிளக் பாயிண்ட் கூடவே கூடாது. சுவரில் பலகை அடிக்கும் முன்பே எலெக்ட்ரீஷியனை வரவழையுங்கள். வெப்பக்காப்புக்கு வெளிப்பக்கமாகக் கேபிளைக் கொண்டுபோக அப்போதுதான் வழியிருக்கும்.