வேர்நுனியை அடைக்கும் சிமெண்டுகள்

பற்சொத்தை முற்றிப் பற்கூழ் அழுகுமாயின், நோய்க்கிருமிகள் வேர்நுனி வழியே தாடையெலும்பை எட்டிச் சீழ் கட்டச் செய்கின்றன. வேர்க்குழாயைச் சுத்தஞ்செய்து அடைத்த பின்னும் சீழ் நீங்காவிடின், ஈறைக் கீறி, வேர்நுனியில் சுமார் 3 மில்லிமீட்டர் வெட்டி நீக்கி, எஞ்சிய வேரில் ஏறக்குறைய அதே ஆழத்திற்குக் குழி செய்து அடைப்பர். பல்லைப் பிடுங்காது காப்பதற்குப் பெரும்பாலும் இதுவே இறுதி வழியாகும். அக்குழி இரத்தம் ஊறும் இடமாதலின், ஈரத்திலும் இறுகும் பொருளே அதற்கு ஏற்றது.

முன்னர் நெடுங்காலம் பயன்பட்ட வெள்ளி இரசக்கலவை, நாளடைவில் அரிக்கப்பட்டுக் கசிவுக்கு இடந்தந்தது, ஈறிலும் கறையேற்றியது. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொராபினெஜாத் குழுவினர் எம்.டி.ஏ. என்னும் பொருளை அறிமுகப்படுத்தினர். அதில் முக்காற்பங்கு போர்ட்லண்டு சிமெண்டே. ஐந்திலொரு பங்கு, எக்ஸ்-கதிர்ப் படத்தில் புலப்படுவதற்காகச் சேர்க்கப்படும் பிஸ்மத் ஆக்ஸைடு, எஞ்சியது ஜிப்சம். நீருடன் கலக்குங்கால் கால்சியம் ஹைட்ராக்ஸைடு தோன்றி, பி.எச். அளவு 12.5 வரை உயர்கிறது, கிருமிகள் ஒடுங்குகின்றன. உடல்நீரின் பாஸ்பேட்டுடன் கால்சியம் கூடி, எலும்பின் தாதுவை ஒத்த படலம் உண்டாகிறது.

எனினும் எம்.டி.ஏ. இறுகச் சுமார் இரண்டே முக்கால் மணி நேரமாகும்; மணல்போல் உதிர்வதால் கையாளுதலும் அரிது; பல்லையும் நிறம் மாற்றக்கூடும். பின்வந்த பயோடென்டின் சுமார் 12 நிமிடத்தில் இறுகும். அதில் பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்ஸைடு உள்ளமையால் நிறமாற்றம் குறைவு. ஆயின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் அத்துணைத் தெளிவாகப் புலப்படுவதில்லை. மூன்றாவது வகை, பிசைந்த மாவுபோல் ஆயத்தமாய் வரும் உயிர்ப்பீங்கான். அது திசுக்களின் ஈரத்தாலேயே மெல்ல இறுகுகிறது.

புதியது யாவும் பன்மடங்கு மேலானதெனக் கருதலாகாது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டாண்டு முடிவில் எம்.டி.ஏ. 92 விழுக்காடும், பழைய துத்தநாக ஆக்ஸைடு-யூஜினால் வகைச் சிமெண்டு 87 விழுக்காடும் வெற்றி கண்டன. புள்ளியியல் நோக்கில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று.

அந்தமான் நிகோபார் தீவுகளில் இத்தேர்வு தனிக் கவனத்திற்குரியது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் அங்கு, திறந்து வைத்த சிமெண்டுத் தூள் காற்றின் ஈரத்தாலேயே கெடும். ஒருமுறைக்குரிய அளவில் முத்திரையிட்ட பொதிகளே நலம். 2024 வரை போர்ட் பிளேயர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திற்கும் பெரிய நிகோபாரின் கேம்பெல் விரிகுடாவிற்கும் இடையே 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் உள்ளது. அத்தொலைவிலிருந்து வருவோர்க்கு அறுவையை மீண்டும் செய்துகொள்வது எளிதன்று. ஆதலின் கலப்பதில் பிழை நேராததும், குருதியால் கழுவப்படாததுமான பொருளைத் தேர்வதோடு, எலும்பு கூடியதை ஓராண்டுக்குப் பின் எக்ஸ்-கதிர்ப் படத்தால் உறுதிசெய்தலும் இன்றியமையாதது.