அமைதி காணும் ஆக்க நெறிகள்

முன்னுரை

பகை இல்லாத ஊர் இல்லை. பகையைத் தீர்க்க வழி இல்லாத ஊரும் இல்லை. திருவில்லிபுத்தூரை அடுத்த சுந்தரபாண்டியம் போன்ற சிற்றூர்களிலும் வரப்பு, வாய்க்கால், வழிநடை, விழா முதன்மை எனப் பூசலுக்கான காரணங்கள் பலவுண்டு. அவற்றை வன்முறையின்றித் தீர்க்க மாந்தர் கண்ட வழிகள் சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகை அமைதி

நார்வே நாட்டு அறிஞர் யோகான் கால்டுங் அமைதியை இருவகையாகப் பகுத்தார். அடிதடி ஓய்ந்திருப்பது ஒன்று. அநீதி நீங்கி, மக்கள் கூடி வாழ்வது மற்றொன்று. இப்பகுப்பின் பொருளை நம் மாவட்ட வரலாறே விளக்கும்.

1997ஆம் ஆண்டு விருதுநகர் மாவட்டப் போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது சாதிக் கலவரம் மூண்டது. இராசபாளையம் வட்டாரமும் அதன் வெம்மையை உணர்ந்தது. போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு அவ்வாண்டே நீக்கியது. இது முதல்வகை அமைதி. பெயர்ப்பலகை மாறியது, மனம் மாறியதா என்னும் வினா எஞ்சியது.

1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பெற்ற முதல் சமத்துவபுரம் இரண்டாம் வகைக்கான முயற்சியாகும். நூறு வீடுகளில் தாழ்த்தப்பட்டோர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10 எனப் பிரித்து, அனைவரையும் அடுத்தடுத்துக் குடியமர்த்தினர். தெருவே சாதியின் எல்லையாக இருந்த நாட்டில், தெருவின் அமைப்பையே மாற்றிப் பார்த்த முயற்சி இது. வீடுகள் அருகருகே அமைந்தமையாலேயே உள்ளங்கள் ஒன்றிவிடும் என்று கூறுதல் இயலாது. எனினும் அதற்கு வாயில் திறந்தது எனலாம்.

நிலம் தந்த அமைதி

1968 டிசம்பர் 25ஆம் நாள், கூலிப் பூசலின் முடிவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரியுண்டு மாண்டனர். அத்துயரைக் கேட்டு அப்பகுதிக்குச் சென்றவர்கள் சர்வோதயத் தொண்டர்களான சங்கரலிங்கம் செகந்நாதன், கிருட்டிணம்மாள் இணையர். பழிக்குப் பழி என்னும் குரல் எழக்கூடிய இடத்தில் அவர்கள் வேறொரு வினாவை எழுப்பினர்: 'கூலிக்குக் கையேந்துவோர் நிலத்துக்கு உரியவரானால் இப்பூசல் எழுமா?'

1981இல் அவர்கள் தோற்றுவித்த உழுபவரின் நில உரிமை இயக்கம், நிலவுடைமையாளருக்கு விலை கொடுத்து, வங்கிக் கடன் பெற்று, நிலத்தை வாங்கியது. குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் என்ற அளவில் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இவ்வாறு நிலம் பெற்றன. விற்றவர்க்கு இழப்பில்லை, வாங்கியவர்க்கு இழிவில்லை. இரு தரப்பும் தலை நிமிர்ந்து நிற்கும் தீர்வே நிலைக்கும் என்பது இதனால் பெறப்படும். 2008இல் இவ்விணையர் மாற்று நோபல் எனப்படும் வாழ்வுரிமை விருதைப் பெற்றனர்.

தொழில்வழி அமைதி

அமைதிப் பணி தொண்டர்க்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு தொழிலுக்குள்ளும் அதற்கு இடமுண்டு. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற இளம் வழக்கறிஞர் காந்தியடிகள், வணிகர் தாதா அப்துல்லாவுக்கும் அவர்தம் உறவினர் தையப் சேட்டுக்கும் இடையிலான பெரும் வழக்கில் பணியாற்றினார். வழக்கு நீண்டால் இருவரும் அழிவர் என உணர்ந்து, நடுவர் தீர்ப்புக்கு இருவரையும் இசைவித்தார். தாதா அப்துல்லா வென்றார். ஆயினும் ஏறத்தாழ 37,000 பவுன் தொகையை ஒருசேரச் செலுத்தினால் தையப் சேட் நொடித்துப் போவார். எனவே தவணை முறைக்கு வென்றவரையே இணங்கச் செய்தார் அடிகள். தோற்றவரின் மானத்தைக் காப்பதும் வழக்கறிஞர் கடமை என அவர் கண்டார்.

1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்வழி நடைபெறும் மக்கள் நீதிமன்றங்களும் இந்நெறியினவே. இங்கு இரு தரப்பும் இசைந்தாலன்றித் தீர்வு இல்லை. இசைந்தபின் அத்தீர்வே இறுதியானது. நிலுவை வழக்கெனில் செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளில் மூன்று உண்மைகள் புலனாகின்றன. பூசலின் வேரை நாடுக. எதிரியின் மானத்தைக் காக்க. இருவரும் சேர்ந்து செய்யும் பணி ஒன்றை உருவாக்குக. மாணவர்கள் நாளை ஆசிரியராக, வணிகராக, அலுவலராக ஊர் திரும்புவர். அன்று அவர்தம் தெருவில் ஒரு பூசல் எழும்போது, எத்தரப்பில் நிற்பது என எண்ணுமுன், இடையில் எவ்வாறு நிற்பது என எண்ணுவாராயின், அதுவே கற்ற கல்வியின் பயனாகும்.