கைக்குழந்தையுடன் விமானப் பயணம்: தாய்மார்களும் உடன் பயணிப்போரும் அறிய வேண்டியவை

 

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் ஊர்ப் பெண்கள் பலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வளைகுடாவில் இருக்கும் கணவர்களிடம் புறப்படுகிறார்கள். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ துபாய்க்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். ஆனால் வீட்டு வாசலில் கிளம்பி, பிள்ளை வாப்பாவின் கையில் போய்ச் சேரும்வரை கணக்கிட்டால் அரை நாளுக்கு மேல் ஆகிவிடும். அவ்வளவு நேரமும் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என ஒரு தாய் தனியாகவே சமாளிக்கிறார். குழந்தை அழும்போது மற்றவர்கள் முகம் சுளித்தால், பயணக் களைப்பைவிட அந்தக் கூச்சமே அவரை அதிகம் வாட்டுகிறது.

குழந்தை காரணமில்லாமல் அழுவதில்லை. பல காரணங்களை முன்கூட்டியே தவிர்க்கலாம். தவிர்க்க முடியாதவற்றை உடன் பயணிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டையும் இங்கே பார்ப்போம்.

1. டிக்கெட் எடுக்கும்போது

பிறந்த குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளுக்கே தரப்படுவதால் காலாவதித் தேதியைப் பாருங்கள். அமீரகம் செல்ல குறைந்தது 6 மாதம் மீதம் இருக்க வேண்டும்.

இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரியவருக்கு ஒரு மடிக்குழந்தைதான். ஊர் திரும்புவதற்குள் இரண்டு வயது முடிந்துவிடுமானால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும். தொட்டில் வசதி பெரிய விமானங்களில், அதுவும் சில இருக்கைகளுக்கு முன்னால் மட்டுமே உண்டு. நடுவில் ஒரே நடைபாதை உள்ள சிறிய விமானங்களில் பெரும்பாலும் கிடையாது. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

2. கொடுத்துவிடும் பொட்டலங்கள்

ஒரு பெண் சபுருக்குப் புறப்படுகிறார் என்றால், "இதைக் கொஞ்சம் எங்க மகனிடம் கொடுத்துடுங்க" என்று நாலு வீட்டுப் பொட்டலம் வந்துவிடும். குழந்தையோடு செல்பவரிடம் இதைக் கொடுக்கவே வேண்டாம். சுமை ஒரு பக்கம். ஆபத்து இன்னொரு பக்கம். நம் சமையலில் சேரும் கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். கோடீன், டிரமடால் கலந்த இருமல் மருந்துகளும் வலி மாத்திரைகளும் அங்கே கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை. பெட்டியில் அகப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அதைச் சுமந்து சென்ற தாய்தான். உறவு முறிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். மென்மையாக மறுத்துவிடுங்கள். குழந்தையின் மருந்துகளை டாக்டர் சீட்டுடன் எடுத்துச் செல்லுங்கள்.

3. கைப்பையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றும் தோளில் மாட்டும் சிறு பையில் இருக்கட்டும். பாம்பர்ஸ், ஈரத் துணி, குழந்தைக்கு இரண்டு மாற்றுடை, தாய்க்கும் ஒரு மாற்றுடை, ஒரு மெல்லிய போர்வை ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பிள்ளை வாந்தி எடுத்தால் நனைவது பெரும்பாலும் தாயின் உடைதான்.

கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் புட்டிகளை அனுமதிப்பதில்லை. ஆனால் பயணத்துக்குத் தேவையான அளவு குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. சோதனையின்போது நீங்களே எடுத்துக் காட்டிவிடுங்கள். பழக்கமில்லாத தின்பண்டங்களை அன்று புதிதாகக் கொடுக்காதீர்கள்.

4. காதுவலிதான் பெரிய காரணம்

விமானம் இறங்கும்போது உள்ளே காற்றழுத்தம் கூடுகிறது. காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்கு மிகக் குறுகலானது, எளிதில் திறப்பதில்லை. அதனால் செவிப்பறை உள்ளே இழுபட்டு வலிக்கிறது. எச்சிலோ பாலோ விழுங்கும்போது அந்தக் குழாய் திறக்கிறது.

பலர் விமானம் ஏறும்போது பால் கொடுத்துவிட்டு, இறங்கும்போது தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இறங்கும்போதுதான் வலி அதிகம். தரை தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு முன்பே இறக்கம் தொடங்கிவிடும். அப்போது பிள்ளையை மெதுவாக எழுப்பி, சற்று நிமிர்த்தி வைத்துப் பால் கொடுங்கள். பெரிய பிள்ளை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். சளி, காதுவலி இருந்தால் புறப்படுமுன் டாக்டரிடம் காட்டுங்கள். தூங்க வைப்பதற்காக நீங்களாகவே சளி மருந்து கொடுக்காதீர்கள். சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்தைத் தராமல் துடிப்பைக் கூட்டிவிடும்.

மடிக்குழந்தைக்குப் பணிப்பெண் தனி பெல்ட் தருவார். உங்கள் பெல்ட்டையே இருவருக்கும் சேர்த்துப் போடாதீர்கள்; திடீரென்று குலுங்கினால் உங்கள் உடல் பாரம் குழந்தையை நசுக்கிவிடும்.

5. தொழுகை

குழந்தையைக் காரணம் காட்டித் தொழுகையை விட்டுவிட வேண்டியதில்லை. மார்க்கம் பயணிக்குச் சலுகை தந்திருக்கிறது. ஊர் எல்லையைத் தாண்டியதும் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். விமான நிலையத்திலேயே முடித்துக்கொண்டால் மனம் நிம்மதியாக இருக்கும். ஹனஃபி மத்ஹபில் சுருக்குதல் உண்டு, இவ்வாறு சேர்த்தல் இல்லை. உங்கள் பயண நேரத்தைச் சொல்லி ஆலிமிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. உடன் பயணிப்பவர்களுக்கு

தொழுகையை நீட்ட எண்ணி நின்ற நபி (ஸல்) அவர்கள், ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டதும் தாயின் மனம் படும் பாட்டை எண்ணிச் சுருக்கிக்கொள்வார்கள் என்று புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். தொழுகைக்கே அப்படியென்றால், நம் நான்கு மணி நேரத் தூக்கம் எம்மாத்திரம்?

அந்த விமானங்களில் நம் சபுராளிச் சகோதரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களும் வீட்டில் சிறு பிள்ளைகளை விட்டு வந்தவர்கள்தாம். மேலே பையை வைக்க, எடுக்க உதவுங்கள். வரிசையில் முன்னே விடுங்கள். தேவையென்றால் இருக்கையை மாற்றிக் கொடுங்கள். ஒன்றும் செய்ய இயலாவிட்டால், திரும்பித் திரும்பிப் பார்க்காமல் இருப்பதே பெரிய உதவி.

பயணத் தாள்களைச் சரிபார்க்க உதவி தேவைப்படும் சகோதரிகள் நம் டிரஸ்ட் அலுவலகத்தை அணுகலாம். அல்லாஹ் அனைவரின் சஃபரையும் இலகுவாக்கி, குடும்பங்களை நலமுடன் ஒன்றுசேர்ப்பானாக! ஆமீன்.