பூங்காவுக்குள் 18 குழி

கோல்ஃப் என்றதும் கிளப் சந்தா, காலர் வைத்த சட்டை, 14 மட்டை திணித்த பை என்று கணக்குப் போட்டுப் பின்வாங்குகிறவர்கள் உண்டு. வான்கூவரில் இருந்தாலோ, பிள்ளைகளைப் பார்க்க அங்கே போயிருந்தாலோ அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். ஸ்டான்லி பார்க், குயின் எலிசபெத் பார்க், ரூபர்ட் பார்க் ஆகிய மூன்று நகரப் பூங்காக்களிலும் ‘பிட்ச் அண்ட் பட்’ ஆடலாம். குழிகள் 18தான், ஆனால் பெரும்பாலானவை 100 கெஜத்துக்குள் முடிந்துவிடும். ஒரு அடியில் பந்தைக் குழியின் பக்கம் சேர்த்து, பிறகு உருட்டிப் போட வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான்.

முதல் தடவை என்றால் ஸ்டான்லி பார்க் போங்கள். 1888இல் திறந்த பூங்கா அது. இங்கிலிஷ் பே கடற்கரையிலிருந்து நடந்தே போய்விடலாம். மைதானத்தைச் சுற்றி ரோடோடென்ட்ரான் தோட்டம். மே மாதம் போனால் பாதிப் பேர் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பூவைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். குயின் எலிசபெத் பார்க் குன்றின் மேல் இருக்கிறது. காட்சி அற்புதம், ஆனால் சரிவுகள் புதியவரைப் படுத்தி எடுக்கும். அதை இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை, ஆகஸ்டில் மழைத் தொல்லை குறைவு. ஜூன் கடைசியில் இரவு 9 மணிக்கு மேல்தான் சூரியன் மறையும் என்பதால் ஆபீஸ் முடிந்து வந்தும் முழு ஆட்டம் ஆடலாம். கடைசியாக எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு மதியம் கூட்டம் அம்மும். அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம்; ஈரத் தரையில் பந்து உருளவே உருளாது.

ஒரு குழுவுக்கு நாலு பேர். ஆறு பேர் வந்தால் மூன்று மூன்றாகப் பிரிந்துகொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு மட்டை போதும்: தூக்கி அடிக்க ஒரு வெட்ஜ் அல்லது 9ஆம் எண் இரும்பு மட்டை, உருட்ட ஒரு பட்டிங் மட்டை. இரண்டும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். இடது கை ஆட்டக்காரர் என்றால் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பந்து இரண்டு மூன்று கூடுதலாக இருக்கட்டும், மரங்கள் விழுங்கிவிடும். ரப்பர் அடிச் செருப்போ ஷூவோ எதுவானாலும் சரி, வழுக்காமல் இருந்தால் போதும்.

இனி அடிப்பது. நம்மவர்களிடம் மட்டையைக் கொடுத்தால் கை தானாக கிரிக்கெட்டுக்குப் போய்விடும். நிற்கும் நிலை கிட்டத்தட்ட அதேதான். வலது கை பேட்ஸ்மேன் மாதிரி இடது தோள் குழியைப் பார்த்திருக்கும். ஆனால் கீழ்க் கையால் பந்தைத் தூக்கிவிடப் பார்ப்பீர்கள் பாருங்கள், வினை அங்கேதான் தொடங்குகிறது. வெட்ஜின் முகமே ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்திருக்கிறது. தூக்குகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். நீங்கள் தூக்க முயன்றால் மட்டையின் கீழ் விளிம்பு பந்தின் நடுவில் பட்டு, பந்து முழங்கால் உயரத்தில் சீறிக்கொண்டு பக்கத்துக் குழியில் ஆடுகிறவர்களிடம் போகும்.

ஆகவே கால்களைக் கொஞ்சம் நெருக்கி வையுங்கள். உடல் எடை முன்காலில் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். மட்டையை இறுக்காமல் பிடித்து, கைகளை இடுப்பு உயரம் வரை மட்டும் பின்னால் கொண்டுபோய், முன்னாலும் அதே உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். முதலில் பந்து, பிறகுதான் புல். இந்தப் பாதி வீச்சில் பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று முதல் இரண்டு குழிகளிலேயே தெரிந்துவிடும். தூரம் கூடினால் வீச்சைக் கொஞ்சம் நீட்டுங்கள். பலத்தைக் கூட்ட வேண்டாம்.

குழியைச் சுற்றி புல்லை ஒட்ட வெட்டியிருக்கும் வட்டத்துக்கு கிரீன் என்று பெயர். பந்து அதற்கு வெளியே நாலைந்து அடி தள்ளி நின்றால் திரும்பவும் வெட்ஜை எடுக்காதீர்கள். பட்டிங் மட்டையாலேயே உருட்டிவிடுங்கள். அழகாக இருக்காது, ஆனால் மோசமான உருட்டல்கூட சுமாரான தூக்கலைவிடக் குழிக்குக் கிட்டே போய்ச் சேரும்.

கிரீனில் திசையைவிட தூரம்தான் முக்கியம். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இடம் தாராளம்தான்; வேகமாக வந்தால் விளிம்பில் தட்டி வெளியே ஓடிவிடும். சரிவின் தாழ்ந்த பக்கம் போய்க் குனிந்து பாருங்கள், பந்து எந்தப் பக்கம் சாயும் என்று புரியும். பிறகு குழியைப் பார்த்தபடியே இரண்டு முறை வெறும் வீச்சு வீசி, தூரத்தைக் கை உணர்ந்ததும் அடியுங்கள். காலைப் பனி காயாத புல்லில் கொஞ்சம் அழுத்தி அடிக்க வேண்டும். ஸ்டான்லி பார்க்கில் கனடா வாத்துகளின் எச்சமும் வழியில் கிடக்கும். அதைத் தள்ளிவிட்டு அடிப்பதில் தப்பே இல்லை.

கணக்கு வைப்பதில்தான் நண்பர்கள் மனக்கசப்பு அடைவது. ஒவ்வொரு குழிக்கும் 3 அடி என்பது சம கணக்கு, மொத்தம் 54. புதியவர் அதைத் துரத்தினால் நாலாவது குழியிலேயே சோர்ந்துவிடுவார். எனக்குப் பிடித்தது குழிக்கு ஒரு புள்ளி: குறைந்த அடியில் போட்டவருக்கு அது, சமமானால் அடுத்த குழிக்குச் சேர்ந்து போகும். ஒரு குழியில் 7 அடி அடித்துத் தொலைத்தவரும் அடுத்ததில் 2 புள்ளியை அள்ளலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவையோ அத்தையையோ சேர்ப்பதானால் ஜோடி ஆட்டம் வையுங்கள். இருவரும் அடித்து, எது நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்தே இருவரும் அடுத்த அடியை அடிப்பது. எந்த முறையானாலும் 7 அடிக்கு மேல் போனால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நகருங்கள். பின்னால் ஆட்கள் காத்திருப்பார்கள். காணாமல் போன பந்தைத் தேட கோல்ஃப் விதியே 3 நிமிஷம்தான் தருகிறது. விரைவாக ஆடும் குழு பின்னால் வந்தால் வழி விட்டுவிடுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் பந்து போகும் திசையிலோ அவர் முதுகுப் பக்கமோ நிற்கக் கூடாது. அவர் முகம் பார்க்கும் பக்கமாக நாலு எட்டுத் தள்ளி நில்லுங்கள். வாடகை மட்டை கையில் வந்ததும் குழந்தைகள் நின்ற இடத்திலேயே சுழற்றுவார்கள். தன் முறை வரும்வரை மட்டைத் தலை தரையில்தான் இருக்க வேண்டும் என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பந்து யாரை நோக்கியாவது போனால் கூச்சப்படாமல் “ஃபோர்!” என்று கத்துங்கள். உங்களைப் பார்த்து யாராவது அப்படிக் கத்தினால் திரும்பிப் பார்க்காமல் தலையை மறைத்துக் குனியுங்கள்.

பெயர்ந்த புல்துண்டை எடுத்து அதே இடத்தில் வைத்து மிதித்துவிடுங்கள். கிரீனில் உருட்டும்போது வெட்ஜை ஓரமாகப் போட்டுவிட்டு அப்படியே மறந்து போகிறவர்கள் ஏராளம். அடுத்த குழிக்குப் போகும் பக்கமாக அதை வைத்தால் நடக்கும்போது காலில் இடறும், தானாக எடுத்துக்கொள்வீர்கள்.