உறுதியைச் சொல்ல எந்த ஆங்கிலச் சொல்?

ஒரு பொருள் நம்பத் தகுந்தது என்று ஆங்கிலத்தில் எழுத நேரும்போது, கைக்கு அகப்பட்ட சொல்லைப் போட்டுவிட்டு மேலே செல்வது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆயினும், ஒப்பந்தமோ, யந்திரத்தின் உபயோகக் குறிப்போ, ஒருவருக்கு நற்சான்றோ எழுத உட்காருகிறவர், எந்த விதமான பழுதுக்கு அஞ்சி இந்த வாக்கியத்தை எழுதுகிறோம் என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்வாரானால், உரிய சொல்லைத் தேர்ந்தெடுப்பது சிரமமாக இராது.

ஒரே வேலையை ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகச் செய்யும் தன்மையே கருத்தானால், 'ரிலையபிள்' போதும். கடிகாரம், தராசு, புள்ளிவிவரம், சாட்சியம் ஆகிய அனைத்துக்கும் அது பொருந்தும். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் வேறு சொல்லைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. 'டிபெண்டபிள்' அதற்கு மிக அண்மையில் நிற்பதேயாயினும், நெருக்கடியில் கைவிடாத மனிதரின் சுபாவத்தைக் கூறுகையில் அதுவே விசேஷமாகப் பொலிவு பெறுகிறது. ஆகையால் நற்சான்றுக்கு அதனைக் கொள்க.

'ட்யூரபிள்' என்பது ஆயுளை மட்டுமே குறிக்கும். கலிபோர்னியாவில் லிவர்மோர் என்னும் ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901-ஆம் ஆண்டில் முதன்முதலாக ஏற்றப்பட்ட மின்சார பல்பு, இடையிடையே சிறிது நேரம் அணைய நேர்ந்ததைத் தவிர, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எரிந்துவந்திருக்கிறது. ஆயினும் அதன் ஒளி இக்காலத்தில் 4 வாட் அளவுக்குச் சுருங்கிவிட்டபடியால், நீடித்து உழைப்பது வேறு, எடுத்த காரியத்தை நிறைவாகச் செய்வது வேறு என்பதற்கு அதுவே தக்க சான்றாகும். வெயில், தூசி, குலுக்கல், முரட்டுக் கை முதலிய பிரதிகூலங்களுக்கு நடுவிலும் வேலை தடைப்படாது என்று சொல்ல வேண்டுமானால், 'ரோபஸ்ட்' என்று எழுதுக.

பழுது பொருளிடத்திலன்றி உபயோகிப்பவரின் கவனக்குறைவால் வருமென்று அஞ்சும் இடத்துக்கு உரியது 'ஃபூல்ப்ரூஃப்'. நம் வீட்டு மூன்று முள் பிளக்கில், மேல்முள் மற்ற இரண்டையும்விடப் பருமனாக இருப்பதால், எவரும் அதனைத் தலைகீழாகச் செருக இயலாது. ஆனால் தொழிலாளர் முன்னிலையில் இச்சொல்லைத் தவிர்ப்பது நலம். இதே பொருளுடைய ஒரு சொல் பெண் தொழிலாளி ஒருவரின் மனத்தைப் புண்படுத்தியமையால்தான், ஜப்பானியப் பொறியியலாளர் ஷிகியோ ஷிங்கோ அதைக் கைவிட்டு, 'போக்கா-யோக்கே' என்ற மரியாதையான சொல்லை மேற்கொண்டார்.

மிகுதியாகப் பிழைபடப் பிரயோகிக்கப்படுவது 'ஃபெயில்-சேஃப்'. ஒருபோதும் பழுதாகாதது என்று பலரும் கொள்ளும் பொருள் அதற்கு இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் அமைத்த முதல் ரயில் பிரேக்கில், குழாய் வழியே காற்றைச் செலுத்தினால்தான் சக்கரங்கள் பிடிக்கப்படும். குழாய் வெடித்தாலோ, வண்டித்தொடர் அறுந்தாலோ, பிரேக் பயனற்றுப் போகும். 1872-இல் அவர் இந்த முறையையே தலைகீழாக்கி, குழாயில் எந்நேரமும் காற்றழுத்தம் இருக்கும்படியும், அது குறைந்த கணமே ஒவ்வொரு பெட்டியின் அடியிலுமுள்ள தொட்டியில் சேமித்த காற்று பாய்ந்து பிரேக்கை அழுத்தும்படியும் செய்தார். குழாய் வெடிக்காது என்று அவர் வாக்களிக்கவில்லை. வெடித்தால் ரயில் நின்றுவிடும் என்பதற்கே வழி செய்தார். இவ்வாறு, பழுது நேர்ந்தபோதும் அபாயம் விளையாதவாறு அமைந்ததே 'ஃபெயில்-சேஃப்'.

'இன்ஃபாலிபிள்' என்பதையோ, தவறவே தவறாத தீர்ப்பு என்னும் உயர்ந்த பொருள் அதற்கு உண்டாதலால், வியாபாரப் பொருள்களுக்குச் சூட்டாதிருப்பதே உசிதம்.

ஐயம் தோன்றுமிடத்து 'ரிலையபிள்' என்றே எழுதுங்கள். உயிருக்கு அபாயம் தரத்தக்க யந்திரங்களைப் பற்றி எழுதுகையில், பழுதானால் என்ன நேரும் என்பதை விசாரித்து அறிந்த பின்னரன்றி 'ஃபெயில்-சேஃப்' என்று எழுதாதீர்கள்.