பொன்னாங்கண்ணி வளர்ப்பும் நமது பொறுப்பும்

ராஜபாளையத்திற்கு மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்துள்ளது அய்யனார் கோவில். அங்கு மலையிலிருந்து இறங்கிவரும் ஆற்றுநீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை அடைந்து, நகர மக்களின் தாகம் தீர்க்கிறது. இவ்வாறு நீர் ஓடும் இடங்களின் கரைகளிலும், வயல் வரப்புகளிலும், கண்மாய் ஓரங்களிலும் எவரும் விதைக்காமலே படரும் இயல்புடையது பொன்னாங்கண்ணி. வளர்ப்பதற்கு இதனினும் எளிய கீரை அரிது. அந்த எளிமையே கவனக்குறைவானவர் கையில் தீமையாகவும் முடியும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தாவர அமைப்பு

தண்டுக்கீரை, அரைக்கீரை ஆகியவை அடங்கிய அமராந்தேசி குடும்பத்தைச் சேர்ந்தது பொன்னாங்கண்ணி. இதன் தாவரவியல் பெயர் ஆல்டர்னாந்திரா செசைலிஸ். 'செசைலிஸ்' என்பதற்குக் காம்பற்றது என்பது பொருள். இலைகள் எதிரெதிராக அமைந்துள்ளன. சிறிய வெண்ணிறப் பூங்கொத்துகள் காம்பின்றி இலைக்கோணங்களில் ஒட்டியிருக்கும். தரையில் படரும் தண்டின் ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்டவுடன் வேர்விடும். இதுவே இச்செடி விரைந்து பரவுவதன் இரகசியமாகும்.

பயிரிடும் முறை

விதையைவிடத் தண்டை நட்டு வளர்ப்பதே எளிது. முற்றிய, நோயற்ற தண்டுகளை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, இரண்டு கணுக்களேனும் மண்ணுக்குள் இருக்குமாறு அரையடி இடைவெளியில் நட வேண்டும். மக்கிய தொழுவுரம் கலந்த வண்டல் மண் மிகவும் ஏற்றது. வேர்பிடிக்கும் வரை பாத்தி காயக்கூடாது. அதன்பின் ஓரிரு நாள் தண்ணீர் இல்லாவிடினும் செடி தாங்கிக்கொள்ளும்.

ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் முதல் அறுவடை செய்யலாம். வேரோடு பிடுங்காமல், தரைக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். அறுக்காமல் விட்டால் தண்டு முற்றிப் பூத்துவிடும். கீரையும் சுவை குன்றும். ஆகவே அடிக்கடி அறுப்பதே சிறந்த பராமரிப்பு. இலை தின்னும் புழுக்களைக் கையால் பொறுக்கி அகற்றலாம். சாக்கடை ஓரத்தில் வளர்ந்த கீரையைப் பறித்துண்ணுதல் கூடாது. கழிவுநீரிலுள்ள நச்சுலோகங்களைச் செடி தன்னுள் ஈர்த்துக்கொள்ளும்.

ஒரு படிப்பினை

இக்கீரையைச் சிங்களத்தில் 'முகுணுவென்ன' என்பர். ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கையர் பலர், தாய்நாட்டுக் கீரை என்று கருதி, தம் வீட்டுத் தோட்டங்களில் வேறொரு செடியை வளர்த்துவந்தனர் என்பது 1990களில் தெரியவந்தது. அது தென் அமெரிக்காவிலிருந்து பரவிய 'அலிகேட்டர் களை'. பொன்னாங்கண்ணியின் நெருங்கிய உறவு. நீர்நிலைகளின் மேல் பாய்போல் படர்ந்து, நீரோட்டத்தையே தடுக்கவல்லது. விக்டோரியா மாநிலத்தில் அச்செடிகளை அகற்றிய அரசு அலுவலர்கள், மக்கள் கீரையின்றி வருந்தாதிருக்க, அந்நாட்டுக்கே உரிய இன்னொரு ஆல்டர்னாந்திரா இனத்தை மாற்றாகப் பரிந்துரைத்தனர். தடை விதித்ததோடு நில்லாமல் மாற்றும் காட்டிய அச்செயல் பாராட்டத்தக்கது.

இது அயல்நாட்டுச் செய்திதானே என்று நாம் இருந்துவிட முடியாது. இந்திய நீர்நிலைகளில் இக்களை காணப்படுவது 1965ஆம் ஆண்டிலேயே பதிவாகிவிட்டது. விதை முளைக்காவிடினும், கணுவுள்ள ஒரு சிறு துண்டு போதும். நீரில் மிதந்து சென்று புதிய இடத்தில் வேரூன்றிவிடும்.

இரண்டையும் பிரித்தறியப் பூவைப் பார்த்தல் வேண்டும். பொன்னாங்கண்ணியின் பூங்கொத்து காம்பின்றி இலைக்கோணத்தில் ஒட்டியிருக்கும். களையின் வெண்ணிறப் பூங்கொத்தோ நீண்ட காம்பின் நுனியில் தனித்து நிற்கும். பூக்காத செடியை நம்பி நடுவதைவிட, ஒரு கொத்துப் பூக்கும்வரை பொறுத்திருந்து பார்த்தலே அறிவுடைமை.

நமது கடமை

நாம் உண்ணும் பொன்னாங்கண்ணியும் எங்கும் வரவேற்கப்படுவதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது தீங்கு தரும் களைகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஒரே செடி ஓரிடத்தில் உணவு, மற்றோரிடத்தில் களை. எனவே பாத்திக்கு வரப்பு அமைத்து, வெளியே ஓடும் தண்டுகளை வாரந்தோறும் நறுக்கிவிட வேண்டும். நறுக்கிய தண்டுகளை ஓடையிலோ வாய்க்காலிலோ எறியாமல், வெயிலில் சருகாக உலர்த்தியபின் எருக்குழியில் இடவேண்டும்.

மேலும், அய்யனார் கோவிலை ஒட்டிய காடு, 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சார்ந்தது. அங்கிருந்து செடி பறித்துவருதலும், நம் வீட்டுச் செடியை அங்கு எறிதலும் தவறு.

மாணவ நண்பர்களே! வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு பாத்தி போதும்; குடும்பத்திற்குக் கீரை கிடைக்கும். அந்தப் பாத்தியின் எல்லையைக் காப்பது நாம் குடிக்கும் நீரைக் காப்பதாகும் என்பதை மறவாதிருப்போமாக!